டிஸ்க் கோல்ஃபில் முதல் ட்ரைவர்: தூரமும் வேண்டும், குறியும் தப்பக் கூடாது

டிஸ்க் கோல்ஃபுக்குப் புதிதாக வருகிறவர், கை கொஞ்சம் பழகியதும் கேட்கிற கேள்வி அநேகமாக இதுதான்: "இன்னும் தூரம் போக எந்தத் தட்டு வாங்கணும்?" தூரம் போகிற தட்டுக்கு ட்ரைவர் என்று பெயர். கேள்வியில் தப்பில்லை. ஆனால் இணையக் கடையில் பதிலைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது 12, 13 என்று ஸ்பீட் எண் போட்ட, விளிம்பு அகலமான தட்டுகள்தான். ஆசையாக வாங்கி எறிந்தால், பழைய தட்டு போன இடத்துக்குக்கூட அது போகாது. பாதி வழியிலேயே இடது பக்கம் சாய்ந்து சீமைக்கருவேலத்துக்குள் புகுந்துகொள்ளும். தட்டில் கோளாறு ஒன்றும் இல்லை. அது கேட்கிற வேகம் கையில் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

கீழே உள்ளதெல்லாம் 50 முதல் 80 மீட்டர் வரை எறிகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. வலது கையால் பேக்ஹேண்டாக (கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கம் வீசி) எறிவதாக வைத்துத்தான் இடது, வலது சொல்லியிருக்கிறேன். இடது கைக்காரர்கள் அப்படியே மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டே தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஓரிடத்தில் நின்று தட்டை எறிகிறோம். விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறி. கடைசியில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் அது விழ வேண்டும். குறைந்த எறிகளில் முடித்தவருக்கு வெற்றி. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1975-ல் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தரத் தடத்தை அமைத்தார். சங்கிலிக் கூடையும் அவருடைய யோசனைதான். விளையாட்டை நடத்தும் பி.டி.ஜி.ஏ. என்ற சங்கத்தை 1976-ல் தொடங்கியவரும் அவரே. அந்தக் காலத்துத் தட்டுகள் கடற்கரையில் பிள்ளைகள் விளையாடும் மொத்தை விளிம்புத் தட்டுகளைப் போலவே இருந்தன. 1983-ல் டேவ் டனிபேஸ் வடிவமைத்த ஈகிள் வந்தது. அதன் விளிம்பு சாய்வாகச் சரிந்து கூராக இருந்தது. காற்றை அறுத்துக்கொண்டு போனது. இன்று ட்ரைவர் என்று நாம் வாங்குவதெல்லாம் அந்த வழி வந்தவைதான்.

நம் திருநெல்வேலிப் பக்கம் கூடை இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஒற்றைப் பனை போதும்.

தட்டு ஏன் இடது பக்கம் விழுகிறது

இதை மட்டும் விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வலது கை பேக்ஹேண்டில் தட்டு, மேலிருந்து பார்த்தால், கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். வேகமாகப் போகிறபோது காற்றின் தூக்கல் தட்டின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. வேகம் குறைந்து தட்டு இறங்கத் தொடங்கும்போது அது நடுவுக்கு முன்னால் வந்துவிடுகிறது. சுழலாத தட்டாக இருந்தால் முதலில் மூக்குக் (முன்விளிம்பு) கவிழும், பிறகு மூக்கு நிமிரும். ஆனால் இது சுழல்கிறது. சுழலும் பம்பரத்தைத் தட்டினால் தட்டிய பக்கம் சாயாமல் வேறு பக்கம் நகர்கிறதே, அதே கதைதான் இங்கேயும். மூக்குக் கவிழ வேண்டிய நேரத்தில் தட்டு வலது பக்கம் சாயும். மூக்கு நிமிர வேண்டிய நேரத்தில் இடது பக்கம் சாயும். முதல் சாய்வுக்கு டர்ன் என்று பெயர், கடைசிச் சாய்வுக்கு ஃபேடு.

அதாவது நல்ல எறி ஒன்றில் தட்டு முதலில் லேசாக வலப்புறம் நெளிந்து, பிறகு இடப்புறம் திரும்பி, ஏறக்குறைய நாம் குறிவைத்த கோட்டிலேயே வந்து விழும். இரண்டு சாய்வும் ஒன்றையொன்று சரிக்கட்டினால்தான் நேர் எறி.

இனி அகல விளிம்புத் தட்டுக்கு வருவோம். கூடைக்குப் பக்கத்திலிருந்து போடும் தட்டான புட்டரின் விளிம்பு ஏறக்குறைய 1 செ.மீ. இருக்கும். 7 ஸ்பீட் (தட்டில் போட்டிருக்கும் முதல் எண், விவரம் படி 2-ல்) ட்ரைவருக்குச் சுமார் 1.7 செ.மீ., 12 ஸ்பீட் தட்டுக்குச் சுமார் 2.2 செ.மீ. விதிப்படி 2.6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. விளிம்பு அகல அகல, தட்டு தன் முதல் சாய்வைக் காட்டுவதற்கே கூடுதல் வேகம் வேண்டும். அந்த வேகம் இல்லாத கையில் டர்ன் வராது, ஃபேடு மட்டும் வரும், அதுவும் சீக்கிரமாக. எறிந்த நிமிடத்திலிருந்து இடப்பக்கமே போய்க்கொண்டிருக்கும். தூரம் போச்சு, குறியும் போச்சு.

2016-ல் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் எறிந்த காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் பலருக்கு இந்த ஆசை வருகிறது. அது நெவாடா பாலைவனத்தில், பலமான பின்காற்றில், தூரத்தை மட்டுமே குறியாக வைத்து எறிந்தது. அங்கே கூடையும் இல்லை, கருவேலமும் இல்லை.

படி 1: முதலில் கையை அளங்கள்

கடையைத் திறக்கும் முன் மைதானத்துக்குப் போங்கள். டிஸ்க்ராஃப்ட் பஸ், இன்னோவா மாகோ3 போல நேராகப் போகும் 5 ஸ்பீட் மிட்ரேஞ்ச் (புட்டருக்கும் ட்ரைவருக்கும் நடுவான தட்டு) ஒன்று கையில் இருந்தால் போதும்.

இடத்துக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. பங்குனியில் பிசானம் அறுத்து முடிந்த வயல்கள் வெறுமையாகக் கிடக்கும். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கலாம். சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றிய குளத்து உள்வாய் இன்னும் நல்ல இடம்: சமதளம், மரம் குறைவு, தட்டு விழுந்தால் தெரியும். பாளையங்கோட்டைக் கல்லூரி மைதானங்களில் அனுமதி கிடைத்தால் விடிகாலையில் போய்விட வேண்டும், நடைப்பயிற்சிக்காரர்களும் கிரிக்கெட் பிள்ளைகளும் வருவதற்கு முன். 170 கிராம் தட்டு ஒருவர் முகத்தில் பட்டால் விளையாட்டு இல்லை. பறவைகள் அடையும் கூந்தன்குளம் மாதிரி இடங்களின் பக்கமே போக வேண்டாம்.

அளக்க டேப் வேண்டியதில்லை. எந்த ஊரிலும் ஒரு கிரிக்கெட் பிட்ச் இருக்கும். ஸ்டம்புக்கு ஸ்டம்பு 20.12 மீட்டர். அதை இயல்பாக நடந்து எட்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். 27 எட்டு வந்தால் உங்கள் ஓர் எட்டு முக்கால் மீட்டர். (டென்னிஸ் பந்துக்குப் போட்ட பிட்ச் என்றால் சில இடங்களில் நீளத்தைக் குறைத்திருப்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.)

மிட்ரேஞ்சை ஒரே குறியை நோக்கிப் பத்து முறை எறியுங்கள். ரொம்பத் தூரம் போன இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள், சொதப்பிய இரண்டையும் சேர்க்காதீர்கள். மீதி ஆறும் விழுந்த இடத்தின் நடுவை அளந்தால் அதுதான் உங்கள் கை. "ஒரு நாள் 80 மீட்டர் போச்சு" என்பது கை அல்ல, அதிர்ஷ்டம்.

இனி என் கணக்கு. 50 மீட்டருக்குக் கீழே என்றால் ட்ரைவரே இப்போது வேண்டாம். மிட்ரேஞ்சையே இன்னும் கொஞ்ச நாள் எறியுங்கள், கை தானாக வளரும். 50 முதல் 65 என்றால் 6 அல்லது 7 ஸ்பீட். 65 முதல் 80 வரை என்றால் 7-ல் தொடங்கி, பிறகு 9-ஐப் பார்க்கலாம். 11, 12 எல்லாம் ஃபேர்வே ட்ரைவரிலேயே (6 முதல் 9 ஸ்பீட்) 100 மீட்டரை நெருங்குகிறவர்களுக்கு. சிலர் இதைவிடத் தாராளமாகச் சொல்வார்கள். குறி தப்பக் கூடாது என்பவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

படி 2: நான்கு எண்களைப் படியுங்கள்

பெரும்பாலான தட்டுகளில் நான்கு எண்கள் இருக்கும். ஸ்பீட், கிளைடு, டர்ன், ஃபேடு, இந்த வரிசையில். இன்னோவா நிறுவனம் பரப்பிய முறை. மற்ற நிறுவனங்களும் இதையே பின்பற்றுகின்றன.

ஸ்பீட் என்பது தட்டு எவ்வளவு வேகமாகப் போகும் என்பதல்ல. அது சொன்னபடி பறக்க நீங்கள் எவ்வளவு வேகம் கொடுக்க வேண்டும் என்பது. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பாதிப் பேர் காசை விடுகிறார்கள். கிளைடு என்பது மிதப்பு, 1 முதல் 7 வரை. கூடக் கூடத் தட்டு காற்றில் அதிக நேரம் நிற்கும். டர்ன் +1-லிருந்து -5 வரை போகும். கழித்தல் கூடினால் வலப்பக்கம் நெளிவது கூடும். ஃபேடு 0 முதல் 5 வரை; கூடினால் கடைசியில் இடப்பக்கம் வெட்டுவது கூடும். டர்ன் அதிகமாக, ஃபேடு குறைவாக இருந்தால் அதை அண்டர்ஸ்டேபிள் என்பார்கள். மறுபக்கம் ஓவர்ஸ்டேபிள்.

புதியவருக்கு ஸ்பீட் எண்ணைவிடக் கடைசி இரண்டும்தான் முக்கியம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 0-க்குக் கீழே, -1 அல்லது -2 வந்தால் நம் கைக்கு அது ஏறக்குறைய நேராகப் போகும். ஏனென்றால் எண்ணில் போட்டிருக்கிற டர்ன் முழுசாக நம் கைக்கு வராது, ஃபேடோ போட்டிருப்பதைவிடக் கொஞ்சம் கூடவே வரும்.

சில தட்டுகளை வைத்துப் பார்ப்போம். இன்னோவா லெப்பர்டு: 6, 5, -2, 1. கூட்டினால் -1. முதல் ட்ரைவராக இதைவிடப் பாதுகாப்பான தட்டைச் சொல்வது கஷ்டம். லேட்டிட்யூட் 64-இன் ரிவர்: 7, 7, -1, 1. கூட்டினால் 0, ஆனால் கிளைடு 7; கை சும்மா விட்டாலும் மிதந்துகொண்டே போகும். காற்றில்லாத காலையில் அருமை, காற்றடித்தால் அதே மிதப்பு தலைவலி. அதே நிறுவனத்தின் டயமண்ட்: 8, 6, -3, 1. வேகம் குறைந்த கைகளுக்காகவே, குறைந்த எடையில் வருவது. இன்னோவா சைட்வைண்டர்: 9, 5, -3, 1. 65 மீட்டரைத் தாண்டியவருக்கு அடுத்த படி.

மறுபக்கம் டீபேர்டு: 7, 5, 0, 2. நம்பகமான தட்டு, எறிந்த இடத்துக்குப் போகும், ஆனால் 60 மீட்டர் கைக்கு இடப்பக்கம் விழும். ஃபயர்பேர்டு 9, 3, 0, 4. காற்றை எதிர்க்கவும் வேண்டுமென்றே இடப்பக்கம் வளைக்கவும் உள்ளது, தூரத்துக்கு அல்ல. டெஸ்ட்ராயர் 12, 5, -1, 3. பெரிய விளையாட்டு வீரர்கள் பையில் இருப்பதால் எல்லோரும் கேட்கிறார்கள். கூட்டுத்தொகை 2, விளிம்பு அகலம் வேறு. மெதுவான கைக்கு அது எங்கே போகும் என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த எண்களை நிறுவனங்களே போட்டுக்கொள்கின்றன. எடைக்கும் அளவுக்கும் பி.டி.ஜி.ஏ. அங்கீகாரம் உண்டு, பறக்கும் எண்களுக்கு அப்படி இல்லை. ஒரு நிறுவனத்தின் 9 இன்னொன்றின் 8 போலப் பறக்கலாம். எண்களை வைத்துப் பட்டியலைச் சுருக்குங்கள். தீர்ப்பை மைதானத்துக்கு விடுங்கள்.

எடை, பிளாஸ்டிக், நிறம்

விதிப்படி, விட்டத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் 8.3 கிராமுக்கு மேல் எடை இருக்கக் கூடாது. ட்ரைவர்கள் பெரும்பாலும் 21.1 செ.மீ. விட்டம் என்பதால் 175 கிராம்தான் உச்சம். புதியவருக்கு 160-லிருந்து 168 கிராம் வரை சரி. எடை குறைந்தால் வேகம் கொடுப்பது சுலபம், டர்னும் கொஞ்சம் கூடும். 150-க்குக் கீழே போனால் நம் ஊர்க் காற்றுக்குத் தாங்காது. ஆனி, ஆடியிலும் எறிவேன் என்பவர்கள் 170-ஐ ஒட்டி எடுப்பது நல்லது.

பிளாஸ்டிக்கில் விலை குறைந்த அடிப்படை ரகமும் விலை கூடிய ரகமும் உண்டு. குறைந்த ரகம் கையில் நன்றாகப் பிடிக்கும், வேர்வையிலும் வழுக்காது. ஆனால் கல்லிலும் மரத்திலும் பட்டுச் சீக்கிரம் தேயும். தேயத் தேய டர்ன் கூடும். கூடிய ரகம் பல வருஷம் ஒரே மாதிரி பறக்கும். வள்ளியூர், ராதாபுரம் பக்கம் சரளைக் காட்டில் எறிகிறவர்களுக்கு விலை கூடியதே லாபம். வயலிலும் குளத்து மண்ணிலும் மட்டும் எறிகிறவர் குறைந்த ரகத்தில் தொடங்கலாம். இரண்டுக்கும் பொதுவான ஒன்று: சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் தட்டைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கோணிக்கொள்ளும். பிறகு அது எந்த எண்ணுக்கும் அடங்காது.

நிறத்தை அழகுக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள், தொலைத்த பிறகுதான் புத்தி வருகிறது. குட்டம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் ஆரஞ்சும் சிவப்பும் விழுந்தால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. அறுத்த வயலில் மஞ்சள் போச்சு. கருவேலங்காட்டில் பச்சையைத் தேடுவதற்கு நேர்த்திக்கடன்தான் போட வேண்டும். அடர் ரோஸ் அல்லது வான நீலம் வாங்குங்கள். இவை நம் மண் எதிலும் இல்லாத நிறங்கள். அடிப்பக்கத்தில் அழியாத மார்க்கரால் போன் நம்பரை எழுதிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு நிறைந்த குளத்தின் ஓரம் எறிகிறவர்களுக்கு எந்த நிறமும் உதவாது. பெரும்பாலான தட்டுகள் தண்ணீரில் மூழ்கிவிடும்.

படி 3: வாங்கிய பிறகு சோதனை

கட்டுரையில் இதை மட்டும் செய்தாலும் போதும் என்பேன். அதிகம் பேர் செய்யாததும் இதுதான்.

ஒரு பனையைக் குறியாக வையுங்கள், 70 மீட்டர் சுமாரில். நிற்கும் இடத்தில் மண்ணில் ஒரு கோடு கீறுங்கள். மிட்ரேஞ்சைப் பத்து, புது ட்ரைவரைப் பத்து, மாற்றி மாற்றி எறியுங்கள். ஒன்றை முழுக்க எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தால், களைத்த கையோடு இரண்டாவதை எறிந்த கணக்காகிவிடும். மிட்ரேஞ்ச் விழுந்த இடத்தில் ஒரு கல், ட்ரைவர் விழுந்த இடத்தில் ஒரு பனங்கொட்டை. எல்லாம் முடிந்ததும் கோட்டுக்கு வந்து பின்னால் நின்று பாருங்கள். கற்கள் ஒரு கூட்டம், கொட்டைகள் ஒரு கூட்டம். எது எவ்வளவு பரந்து கிடக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

இப்போது இரண்டு கணக்கு. கூட்டத்தின் நடு எத்தனை மீட்டரில்? குறிக்கோட்டிலிருந்து இடம், வலம் எத்தனை எட்டு பரவியிருக்கிறது?

உதாரணமாக மிட்ரேஞ்சின் நடு 58 மீட்டர், பரவல் இரு பக்கமும் 5 எட்டு என்று வைத்துக்கொள்வோம். ட்ரைவரின் நடு 68 மீட்டர், பரவல் 7 எட்டு. அருமை, தட்டு உங்களுடையது. ஆனால் ட்ரைவரின் நடு 70 மீட்டர், பரவல் 16 எட்டு என்றால் அது லாபமில்லை. 16 எட்டு என்றால் 12 மீட்டர். கூடையைச் சுற்றி 10 மீட்டர் வட்டத்துக்குள்தான் புட் (கூடைக்குள் போடும் கிட்ட எறி) போடுவது என்று இந்த விளையாட்டில் கணக்கு. 7 எட்டு விலகினால் ஐந்து மீட்டர்தான், தூரம் சரியாக விழுந்தால் அடுத்த எறியே கூடைக்கு. 12 மீட்டர் விலகினால் வட்டத்துக்கே வெளியே, அதுவும் முள்ளுக்குள். அதைவிட 58 மீட்டரில் நடுக்கோட்டில் கிடக்கிற மிட்ரேஞ்சே மேல்.

பரவல் எந்தப் பக்கம் என்பதும் பாடம். கொட்டைகள் எல்லாம் இடப்பக்கமே குவிந்து கிடந்தால் தட்டு உங்கள் கைக்கு அதிக ஸ்பீட், அல்லது ஃபேடு அதிகம். எல்லாம் வலப்பக்கம் என்றால் டர்ன் கூடிவிட்டது. இன்னும் நிலையான தட்டு போதும். இரு பக்கமும் தாறுமாறாக என்றால் தட்டை மாற்றிப் பயனில்லை, கையைப் பார்க்க வேண்டும்.

போன கோடையில் மானூர்ப் பக்கம் ஒரு குளத்து உள்வாயில் ஒரு கல்லூரித் தம்பி 13 ஸ்பீட் தட்டை எறிந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் ஆடுகளை விட்டுவிட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, இது பூராவும் அந்த உடங்காட்டுக்குள்ளதான போவுது? பெறவு எதுக்கு அதையே எறியுதிய?"

"இது தூரம் போற தட்டு அண்ணாச்சி."

"போவுதாக்கும்? அந்தச் செவப்புத் தட்டு இதவிடத் தள்ளிப்போய்க் கெடக்கே."

சிவப்புத் தட்டு அவனுடைய மிட்ரேஞ்ச். எழுந்து போய் அளந்தான். அவர் சொன்னது சரி. விளையாட்டின் பெயர்கூடத் தெரியாத ஒருவருக்கு அது உடனே தெரிந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அவர் தட்டில் போட்டிருந்த எண்ணைப் பார்க்கவில்லை, விழுந்த இடத்தைப் பார்த்தார்.

காற்று

வேறு ஊரில் எழுதுகிற வழிகாட்டிகளில் காற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்குவார்கள். நமக்கு அது போதாது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் பிய்த்துக்கொண்டு வருகிறது. முப்பந்தல், கயத்தாறு, சுரண்டைப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்போது 165 கிராம் தட்டு என்ன செய்யும்?

விதி இதுதான்: தட்டுக்குத் தரையைப் பற்றிக் கவலையில்லை, தன்மேல் மோதும் காற்று மட்டுமே தெரியும். நீங்கள் மணிக்கு 65 கி.மீ. வேகத்தில் எறிகிறீர்கள், எதிர்க்காற்று 20 கி.மீ. என்றால், தட்டைப் பொறுத்தவரை அது 85-ல் போகிறது. உடனே டர்ன் கூடும். காற்றில்லாதபோது நேராகப் போன லெப்பர்டு வலப்பக்கம் கவிழ்ந்து தரையில் உருண்டோடும். பின்காற்றில் நேர் எதிர்: 45 என்று நினைத்துக்கொண்டு டர்ன் காட்டாமல் இடப்பக்கம் இறங்கிவிடும், மிதப்பும் குறையும்.

ஆகவே நம் ஊர்க்காரர் ஒரே ட்ரைவரோடு வருஷம் முழுவதும் ஓட்ட முடியாது. முதல் தட்டு அண்டர்ஸ்டேபிள். இரண்டாவது டீபேர்டு மாதிரி நிலையானது. ஆனி தொடங்கி ஆவணி முடிய எதிர்க்காற்றில் டீபேர்டு; அப்போது அதன் ஃபேடு நமக்குத் துணை. பின்காற்றில் லெப்பர்டு.

பக்கக் காற்றுக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. அந்த மாதங்களில் காற்று மேற்கிலிருந்து வரும். வடக்கு நோக்கி எறிந்தால் காற்று இடப்பக்கத்திலிருந்து. தட்டு கடைசியில் இடப்பக்கம் சாயும்போது அதன் முதுகில் காற்று அடித்துக் கீழே தள்ளிவிடும். தூரம் குறையும், ஆனால் அங்கேயே விழும். தெற்கு நோக்கி எறிந்தால் சாய்ந்த தட்டின் வயிற்றில் காற்று பிடித்து இடப்பக்கம் வெகுதூரம் கொண்டுபோய்விடும். குறி முக்கியம் என்றால் முதல் எறிகளை வடக்கு நோக்கி வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தட்டைச் சோதிப்பதென்றால் விடிகாலை, வெயில் ஏறும் முன்; வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். காற்றில் செய்த சோதனை தட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கை செய்ய வேண்டியது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது தனிக் கட்டுரைக்கான விஷயம். ட்ரைவர் கைக்கு வந்ததும் எல்லோரும் பலத்தைக் கூட்டுவார்கள். வேண்டாம். மிட்ரேஞ்சுக்குக் கொடுத்த அதே வீச்சு, முக்கால் பலம். தூரம் தட்டின் வடிவத்திலிருந்து வரட்டும்.

மூக்கு நிமிர்ந்து போகும் தட்டுதான் முதல் எதிரி. எறிந்ததும் மேலே ஏறி, ஒரு கணம் நின்று, பின்பு இடப்பக்கம் பொத்தென்று விழுந்தால் அதுதான் நோய். எந்தத் தட்டு வாங்கினாலும் தீராது. மணிக்கட்டைச் சற்றுக் கீழ்நோக்கி வைத்து, கட்டை விரலைத் தட்டின் மேல் விளிம்போரமாக அழுத்தி, தட்டை நெஞ்சையொட்டி நேர்கோட்டில் இழுத்துப் பாருங்கள். 70 மீட்டர் எறியில் தட்டு பனையில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. விளிம்பு விரலுக்கு அகலமாக, பிடிக்கவே சிரமமாக இருந்தால் அந்தத் தட்டு உங்கள் கைக்கு இல்லை. எண் என்னவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கிரிக்கெட்டில் பக்கவாட்டாக வீசிப் பழகியவர்களுக்கு ஃபோர்ஹேண்ட் சீக்கிரம் வரும். அதில் சுழற்சி எதிர்த்திசை, ஃபேடு வலப்பக்கம். கை வேகமும் பெரும்பாலும் கூட இருக்கும், சுழற்சி குறையும். அண்டர்ஸ்டேபிள் தட்டு அதில் தள்ளாடும். ஃபோர்ஹேண்ட் மட்டும் எறிகிறவர் டீபேர்டு ரகத்திலேயே தொடங்கலாம்.

எத்தனை வாங்குவது, அடுத்தது எப்போது

ஐந்து விதமான ட்ரைவர் வாங்குவதைவிட ஒரே தட்டில் இரண்டு, ஒரே எடையில் வாங்குங்கள். ஒன்று கருவேலத்துக்குள் போனாலும் பழகிய கை வீணாகாது. பயிற்சிக்கும் எடுத்து வர நடப்பது பாதியாகும். மூன்று தட்டு கொண்ட தொடக்கப் பெட்டி வாங்குவதானால் அதிலுள்ள ட்ரைவரின் எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சில பெட்டிகளில் 9-க்கு மேல் ஒன்றைப் போட்டிருப்பார்கள். புட்டரும் மிட்ரேஞ்சும் நல்லதாக இருந்தால் அதை ஓரமாக வைத்துவிடலாம்.

அடுத்த படிக்கான அடையாளம் தட்டே காட்டும். காற்றில்லாத காலையில், புதிதாக இருந்தபோது நேராகப் போன 7 ஸ்பீட் தட்டு, தேய்மானம் அதிகம் இல்லாமலே வலப்பக்கம் போய்த் திரும்பி வராமல் விழத் தொடங்கினால், கை வேகம் கூடிவிட்டது என்று பொருள். சோதனையில் அதன் நடு 80 மீட்டரைத் தாண்டி, பரவல் 7 எட்டுக்குள் நின்றால் 9 ஸ்பீட் எடுக்கலாம். அதையும் மிட்ரேஞ்சுக்குப் பதிலாக இந்த 7-ஐ வைத்து, கல்லும் கொட்டையுமாக ஒப்பிட்டுத்தான். பழைய 7-ஐ யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நன்றாகத் தேய்ந்த அண்டர்ஸ்டேபிள் தட்டு பின்காற்றில் கவிழாமல் மிதக்கும். புரட்டாசியில் காற்று அடங்கும்வரை கிழக்கு நோக்கிய எறிகளுக்கு அதுதான் பையில் முதலில் எடுக்க வேண்டியது.